அப்புச்சியின் தையல் மிஷினும் ஃபார்ம் 700-உம்

கைச்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருகிப் பார்த்தேன். சக்கரம் அசையவில்லை, மேஜைதான் நகர்ந்தது. அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, போய்ச் சேர்ந்து பதினோரு வருடம். அன்றிலிருந்து கொழிஞ்சாம்பாறை வீட்டுத் தாழ்வாரத்தில் பழைய பேப்பர் கட்டுக்கும் மிக்ஸி அட்டைப்பெட்டிக்கும் அடியில் கிடந்த சிங்கர் மிஷின் அது. வீட்டை இடித்துக் கட்டப்போவதாக மாமா சொன்னதும், "இதை மட்டும் இரும்புக்கடைக்குப் போட்றாதீங்க மாமா, நான் எடுத்துக்கறேன்" என்று வாய் விட்டுவிட்டேன். எனக்குத் தையலும் தெரியாது, மிஷின் வேலையும் தெரியாது. பாலக்காட்டில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதுகிறவன்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. என்னைப்போல் ஒன்றும் தெரியாமல் பழைய மிஷினில் கை வைப்பவர்களுக்கு ஆகட்டும் என்று, செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு முழுக்க எண்ணெயோடு சண்டை. தலைப்பகுதியில் இருந்த எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் பழுப்பாகப் பிசின்மாதிரி ஏதோ அடைத்திருந்தது. முகர்ந்து பார்த்தால் சிக்குப்பிடித்த தேங்காயெண்ணெய். சித்தியிடம் கேட்டேன். "மிஷின் ஆயில் தீந்துபோச்சு, வீட்ல இருந்ததை விட்டேன். ஏங்கண்ணு, எண்ணெய்னா எண்ணெய்தானே?" என்றாள். கேரளத்தில் பாதிப் பழைய மிஷின்கள் இப்படித்தான் செத்திருக்கும் என்று நினைக்கிறேன். தலைக்கு வைக்கிற எண்ணெயை இரும்புக்கு வைக்கக்கூடாது. குளிருக்கு உறைகிறது, நாள்பட்டால் பசையாகிவிடுகிறது.

இதற்கு மருந்து மண்ணெண்ணெய். ஐந்து மில்லி சிரிஞ்சில் எடுத்து, துளைக்கு நாலு சொட்டு வீதம் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் தங்கையின் ஹேர் டிரையரால் தலைப்பகுதியைச் சூடாக்கிவிட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னுமாக ஆட்டினேன். முதலில் ஒரு நூல் அளவு அசைந்தது. மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி சூடு. மத்தியானச் சாப்பாட்டுக்குள் கால் சுற்று வந்தது. அதற்குமேல் நகராமல் முட்டி நின்றதற்குக் காரணம் கீழே இருந்தது. அடிநூல் பாபின் உட்காரும் ஷட்டிலைக் கழற்றியபோது எலி வளைமாதிரி நூல்கற்றை. பச்சை, சிவப்பு, பள்ளி யூனிஃபார்ம் நீலம் என்று எந்தெந்த வருடத்து நூலோ. குத்தூசியால் கிளறி எடுத்ததும் சக்கரம் முழுச் சுற்று சுற்றியது. இந்த இடத்தில் பொறுமை இல்லாமல் குறடு போட்டுத் திருகியிருந்தால் எதையாவது உடைத்திருப்பேன். இறுகிய மிஷினைப் பலத்தால் திறக்கப் பார்க்காதீர்கள்.

சக்கரம் சுற்றிய பிறகு மண்ணெண்ணெயை அப்படியே விட்டுவிடக் கூடாது. அது பிசினோடு சேர்த்து எண்ணெயையும் கழுவிவிடும், இரும்பு இரும்பில் உரசும். துடைத்துவிட்டு நல்ல மிஷின் ஆயிலை ஒவ்வொரு துளையிலும் விட்டு, கறுப்பாக வழிவது நிற்கும்வரை சுற்றிக்கொண்டே இருந்தேன். நாலு தடவை வழித்தெடுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது ஞாயிறு மேஜையைக் கவிழ்த்துப் போட்டுக் கீழ் இரும்பைப் பார்த்தபோதுதான் வேலையின் போக்கே மாறியது. பெடலின் அச்சு போல்ட்டுகள் நாலிலும், நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்புவரை குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. துருவோ என்று சுரண்டினேன், இல்லை. நகப்பாலிஷ் அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் தொட்டதும் கரைந்து வந்தது. க்யூட்டெக்ஸ்! எங்கள் பக்கம் எந்தக் கம்பெனி நகப்பாலிஷுக்கும் அதுதான் பேர். நட்டு கொஞ்சம் தளர்ந்தால்கூடக் கோடு ஒடிந்து தெரியும், ஸ்பேனர் வைத்துப் பார்க்கவே வேண்டாம். போதாக்குறைக்கு இரண்டு போல்ட்டுகளின் தலையில் துளை போட்டு, கம்பி கோத்து, இரண்டையும் சேர்த்து முறுக்கிக் கட்டியிருந்தது. தையல் மிஷின் பெடலுக்கு எந்த மெக்கானிக்கும் இப்படிச் செய்யமாட்டான். இது விமானத்துக்குச் செய்கிற வேலை.

அப்புச்சியைப் பற்றி, அதாவது அம்மாவின் அப்பாவைப் பற்றி, சொல்லியாக வேண்டும். ஊரில் அவருக்குப் 'பிளேன்காரர்' என்று பேர். அவர் சண்டை விமானம் ஓட்டி ஜப்பான்காரனைச் சுட்டதாக மாமா இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்வார். ஓட்டவில்லை. அவர் ஏர்மேன். விமானப்படையில் ஏர்மேன் என்றால் அதிகாரி அல்லாத படைவீரன், பெரும்பாலும் தரையில் நின்று வேலை செய்கிறவன். அவர் ரிகர். எஞ்சின் பார்க்கிறவன் ஃபிட்டர். உடல், இறக்கை, வால், கட்டுப்பாட்டுக் கம்பிகள் எல்லாம் ரிகர் பொறுப்பு. அவருடைய தகர டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டில் எல்.ஏ.சி. என்று பதவி, லீடிங் ஏர்கிராஃப்ட்மேன். கீழே ஐ.ஏ.எஃப்., அதற்கு முன்னால் இடமில்லாத இடத்தில் பிற்பாடு நெருக்கி எழுதிய ஓர் 'ஆர்'. 1945 மார்ச்சில்தான் இந்திய விமானப்படைக்கு 'ராயல்' பட்டம் வந்தது. பட்டம் வந்ததும் தூரிகை எடுத்திருக்கிறார். 1950-இல் குடியரசானபோது படை அந்த எழுத்தைக் களைந்துவிட்டது, பெட்டி களையவில்லை.

அவர் சேர்ந்தது 1942-இல், கோயம்புத்தூர் போய். அன்றைக்குச் சித்தூர் வட்டாரம் கொச்சி ராஜாவின் ஆட்சியில் இருந்தது (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராச் சித்தூர் அல்ல). சுற்றிலும் மதராஸ் மாகாணம். ஒரு ராஜாவின் பிரஜை இன்னொரு ராஜாவின் படையில் சேர்ந்து, மூன்றாவது ராஜாவின் படையோடு சண்டை போடப் போயிருக்கிறார். 1944 பிப்ரவரி தொடங்கி வருடக் கடைசிவரை இம்பாலில், நம்பர் ஒன் ஸ்குவாட்ரனில். அதற்குத் தலைவர் அர்ஜன் சிங், பிற்காலத்தில் விமானப்படை மார்ஷல் ஆனவர். அந்த வருடம் மார்ச் கடைசியில் ஜப்பானியர் கோஹிமா சாலையை வெட்டிவிட்டார்கள். ஜூன் 22 வரை இம்பாலுக்குத் தரைவழி கிடையாது. அரிசியும் பெட்ரோலும் ஆகாயத்திலிருந்துதான். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. அவர் வாயால் சொன்னது ஒரே ஒரு கதை. விமானி உட்கார்கிற கூண்டுக்குள் இவர் கையிலிருந்து ஒரு ஸ்பிளிட் பின், நட்டு கழலாமல் தடுக்கும் குட்டிக் கம்பி, தவறி விழுந்துவிட்டது. அது கிடைக்காமல் விமானம் எழும்பக்கூடாது. எங்காவது உருண்டு கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கினால் ஆள் காலி. மழையில் டார்ச் அடித்து ராத்திரி முழுக்க நாலு பேர் தேடினார்களாம். விடிந்தபிறகு அது இவருடைய காலுறை மடிப்பில் இருந்ததாம். இதைச் சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரிப்பார்.

அவர்கள் வைத்திருந்தது ஹரிக்கேன். முன்பாதி உலோகம், விமானிக்குப் பின்னால் வால்வரை உடம்பு குழாய்ச் சட்டத்தின் மேல் போர்த்திய லினன் துணி. துணியின்மேல் டோப் என்கிற ஒரு திரவத்தைப் பூசுவார்கள், காய்ந்ததும் இழுத்து முரசுத்தோல்மாதிரி விறைக்கும். குண்டு துளைத்தால் கிழிசலை மெழுகு நூலால் தைத்து, மேலே ஒட்டுத்துணி வைத்து, மறுபடி டோப் அடித்தால் தீர்ந்தது. அடிபட்ட ஹரிக்கேனைச் சீக்கிரம் திருப்பி அனுப்ப முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, கொழிஞ்சாம்பாறையில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்த பையன் ஊசி பிடிக்கக் கற்றது போர்க்களத்தில். சித்தி வயசுப்பெண்ணாய் இருக்கும்போது க்யூட்டெக்ஸ் போட்டால், அப்புச்சி மூக்கைத் தூக்கி, "ஹரிக்கேன் வாசம் வருது" என்பாராம். எதையோ உளறுகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். டோப்பின் வாசம் நகப்பாலிஷ் வாசமேதான். அவர் நட்டுக்குக் கோடு போட எடுத்த புட்டி யாருடையது என்று சித்திக்கு இப்போதுதான் விளங்கியது. அறுபது வருடத்துக்கு முந்தைய திருட்டுக்குக் கோபப்பட்டாள்.

சண்டை முடிந்து 1946-இல் வந்துவிட்டார். கல்யாணம். ஊரில் ஒரு அரிசி மில்லில் ஃபிட்டர் வேலை. சம்பளத்தில் மாதத் தவணை கட்டி வாங்கியது இந்த மிஷின். தவணைக்கு மிஷின் விற்பது சிங்கரின் பழைய வித்தை. உடம்பில் பொறித்த எண்ணுக்கு முன்னால் ஆங்கிலத்தின் 'ஈ'யில் தொடங்கும் இரட்டை எழுத்து. அப்படியென்றால் ஸ்காட்லாந்தின் க்ளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தது. 1941 மார்ச்சில் ஜெர்மானியர் அந்த ஊரின்மேல் இரண்டு இரவு குண்டு போட்டதில் சிங்கரின் மரக்கிடங்கு எரிந்துபோனது. இது அவருக்குத் தெரிந்திருந்தால் மிஷினுக்கு இன்னும் இரண்டு கம்பி கூடுதலாகக் கட்டியிருப்பார்.

சரி, வேலைக்கு வருகிறேன். அந்த ஞாயிறே மேஜையின் இழுப்பறையைக் கழற்றியபோது பின்னால் ஒரு நோட்டு விழுந்து கிடந்தது. கெட்டி அட்டை, மில் கணக்கு நோட்டு. மேலே ஆங்கிலத்தில் 'ஃபார்ம் 700'.

விமானப்படையில் ஒவ்வொரு விமானத்துக்கும் இந்தப் பேரில் ஒரு பதிவேடு உண்டு. என்ன கோளாறு, என்ன செய்தது, யார் செய்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தினப்படி சோதனைக்கும் கையெழுத்து. கடைசியில் விமானி படித்துப் பார்த்து, விமானத்தை ஏற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஏறுவார். அப்புச்சி தையல் மிஷினுக்கு ஒரு ஃபார்ம் 700 வைத்திருந்தார். கட்டம் போட்டு: தேதி, கோளாறு, செய்தது, கையெழுத்து, ஏற்றது. 'ஏற்றது' கட்டத்தில் அம்மாயியின் கைநாட்டு.

'14.8.58. அடிநூல் சிக்கு. ஷட்டில் துடைத்து எண்ணெய் 2 சொட்டு.' அவர் கையெழுத்து. பக்கத்தில் நீல மை ரேகை. 'பெல்ட் நீண்டது, அரை இன்ச் வெட்டிக் கோத்தது.' ரேகை. இப்படியே நாலைந்து பக்கம். 1960 வாக்கில் ரேகைக்குப் பதில் எழுத்துகள் வருகின்றன. முதலில் அவள் பேரின் முதல் எழுத்து மட்டும், கோணலாக. அப்புறம் இரண்டு எழுத்து. 1961 தீபாவளிக்கு முந்தின வாரம் முழுப்பேர், கட்டத்தை மீறி அடுத்த வரிவரை. அம்மாயி பள்ளிக்கூடம் போனதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூட்டுறவு சங்கத்தில் கையெழுத்துப் போடுவாள். எங்கே கற்றாள் என்று யாரும் கேட்டதில்லை.

போகப்போக நோட்டு மிஷினை விட்டு வெளியே இறங்கிவிடுகிறது. கிணற்று ராட்டினம், சைக்கிள் பிரேக், என் அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் காது. 'இரண்டாமவள் காய்ச்சல் 102. மாத்திரை இரவு 8, 2.' ஒரு வருடம் முழுக்க அநேகமாக ஒவ்வொரு நாளும் ஒரே வரி: 'டி.ஐ. தொட்டில் கொக்கி, சங்கிலி. சரி.' டி.ஐ. என்றால் தினப்படி சோதனை. மாமா பிறந்த வருடம் அது. அம்மாவிடம் காட்டினேன். "ஆமா, விடிஞ்சதும் ஸ்டூல் போட்டு ஏறிக் கொக்கியை ஆட்டிப் பாத்துட்டுத்தான் காப்பி குடிப்பாரு. ஊரே சிரிச்சுது" என்றாள். பொய் சொல்லமாட்டேன், அன்றைக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை. நோட்டைப் படித்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜப்பான் விமானத்தைச் சுட்ட கதையை இனி மாமா சொன்னால் மறுக்கவேண்டாம் என்று இருந்தேன். இப்போது மறுப்பதாக உத்தேசம். தொட்டில் கொக்கிக் கதை அதைவிட நல்ல கதை, அதுவும் அவரைப் பற்றியது.

மூன்றாவது ஞாயிறு நான் செய்த அட்டூழியத்தின் ஞாயிறு. தலைப்பகுதியின் கறுப்பு உடம்பில் தங்கப் பூவேலை அழுக்கேறி மங்கியிருந்தது. கொரோனா காலத்தில் வாங்கிய சானிட்டைசர் பாதிப்புட்டி இருந்தது. பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். அழுக்கு போனது, கூடவே பூவேலையும் ஒரு சாண் நீளம் போனது. சிங்கர் என்ற பேரில் முதல் எழுத்து இப்போது இல்லை. இந்தப் பழைய மிஷின்களில் தங்க வேலைக்கு மேலே அரக்கு வார்னிஷ் பூச்சு; ஸ்பிரிட் அதைக் கரைத்துவிடும். மிஷின் ஆயிலே போதும். எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு மெல்லிய துணியால் துடைத்தால் அழுக்கு தானாக வருகிறது. மீதியை அப்படித்தான் துடைத்தேன். போனது போனதுதான்.

அன்றே இன்னொன்று. கைச்சக்கரத்தின் நடுக்குமிழைக் கழற்றுவதற்கு அதிலுள்ள குட்டித் திருகை முதலில் தளர்த்த வேண்டும். என்னிடம் இருந்தது செல்போன் கடை ஸ்க்ரூடிரைவர் செட். வழுக்கித் திருகின் காடியைக் கடித்துவிட்டது. அப்புச்சியின் டிரங்குப் பெட்டியில் மரப்பிடி டிரைவர்கள் ஏழு கிடந்தன. ஒவ்வொன்றின் நுனியும் ஒவ்வொரு அகலத்துக்குச் சமமாக அரத்தால் ராவியது. அதில் ஒன்று காடியில் அச்சாக உட்கார்ந்தது. திருகு வந்தது, வந்த வேகத்தில் கைநழுவித் தரையில் எங்கோ போனது. எனக்குக் காலுறையும் இல்லை, நாலு பேரும் இல்லை. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி அறை முழுக்க இழுத்து ஒன்றரை மணி நேரத்தில் பிடித்தேன்.

குமிழுக்கு உள்ளே ஒரு வாஷர் உண்டு, காது வைத்தது. அதை எடுக்கும்முன் போட்டோ எடுத்துவையுங்கள். நான் எடுக்கவில்லை. திருப்பி மாட்டியபின் பாபினில் நூல் சுற்றலாம் என்று குமிழைத் தளர்த்தினால், நிற்க வேண்டிய ஊசி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. வாஷரை அரைவட்டம் திருப்பி மாட்டியதும் சரியாகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம், அதற்கு ஒரு சாயங்காலம் போனது.

நாலாவது வாரம் சாமான் வாங்கப் பொள்ளாச்சி போனேன். தோல் பெல்ட், மிஷின் ஆயில், பாபின் நாலு, பதினாறாம் நம்பர் ஊசி. வீட்டுக்கு வந்து ஊசி மாட்டித் தைத்தால் மூன்று தையலுக்கு ஒரு தையல் விட்டுப்போகிறது. டென்ஷனை, அதாவது மேல்நூலின் இறுக்கத்தை, கூட்டினேன், குறைத்தேன், டென்ஷன் தட்டுகளைக் கழற்றி நடுவில் இருந்த பஞ்சையும் துருவையும் எடுத்தேன். மாறவில்லை. தெருமுனை டெய்லர் அண்ணன் வந்து ஊசியைக் கையில் வாங்கியதுமே சொல்லிவிட்டார்: "தம்பி, இது பவர் மிஷின் ஊசிங்க. கழுத்து உருண்டையா, ஒல்லியா இருக்கு பாருங்க. உங்களுக்கு ஒரு பக்கம் தட்டையா இருக்கறது வேணும்." இந்த மிஷினில் தட்டைப் பக்கம் இடப்புறம் பார்க்க, நூல் வலமிருந்து இடம் கோக்க வேண்டும். ஊசியை மாற்றியதும் தையல் முத்துப் பதித்தமாதிரி விழுந்தது. கோளாறு என்றால் முதலில் ஊசியைப் பாருங்கள், டென்ஷனைக் கடைசியாகத் தொடுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

பெல்ட்டை அளந்து வெட்டும்போது தேவைக்கு அரை இன்ச் குறைவாகவே வெட்டவேண்டும், தோல் இழுக்கும். முனைகளில் துளையிட்டுக் கம்பிக் கொக்கி போட்டு மடக்கினால் முடிந்தது. கொக்கியின் முனை வெளிப்பக்கம் இருந்தால் சக்கரத்தில் டிக் டிக்கென்று இடிக்கும், விரலையும் கிழிக்கும்.

எஞ்சியது கம்பி கட்டுவது. பெடல் அச்சைச் சுத்தம் செய்ய அப்புச்சி கட்டியதை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டும்போது கை கொஞ்சம் தயங்கியது. பழைய கம்பி வேலிக்கம்பியில் பிரித்தது. நான் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மெலிதான ஸ்டெயின்லெஸ் கம்பி வாங்கினேன். முதல் தடவை அழகாக முறுக்கிக் கட்டிவிட்டுப் பார்த்தால், போல்ட் தளரும் பக்கம் திரும்பும்போது கம்பியும் சேர்ந்து தொய்கிறது. அது வெறும் நகை. ஒரு போல்ட் தளரப் பார்த்தால் கம்பி இழுபட்டு அதையும் அடுத்ததையும் இறுக்கும் திசைக்கு இழுக்க வேண்டும். கோக்கும் பக்கத்தில்தான் சூட்சுமம். மூன்றாவது தடவை பிடிபட்டது. இன்ச்சுக்கு இத்தனை முறுக்கு என்று அவருடையது ஒரே சீராக இருந்தது. என்னுடையது பின்னல் தெரியாதவன் போட்ட சடைமாதிரி இருக்கிறது. நாலு நட்டுக்கும் சிவப்புக் கோடு போட்டேன். க்யூட்டெக்ஸ் தங்கையுடையது, கேட்டுத்தான் எடுத்தேன்.

ஐந்தாவது ஞாயிறு மிஷினைத் திண்ணை வெளிச்சத்துக்கு நகர்த்தினோம். ஆனி மாதம், கணவாய்க் காற்று துணியை நிற்கவிடாமல் தூக்கிக்கொண்டே இருந்தது. அம்மா கால் வைத்தாள். நாற்பது வருடம் கழித்துப் பெடல் மிதிக்கிறாள், இரண்டே மிதியில் தாளம் வந்துவிட்டது. ஒரு தலையணை உறை நாலு பக்கமும் தைத்து முடித்தாள். தையலைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அடிப்பக்கம், மேல்பக்கம் இரண்டையும் பார்த்தாள்.

நோட்டில் காலிப் பக்கம் இருந்தது. கட்டம் போட்டுத் தேதி எழுதினேன். கோளாறு: இறுகல், தேங்காயெண்ணெய். செய்தது: மேலே சொன்னவை எல்லாம் சுருக்கமாக, அழிந்த பூவேலை உட்பட. என் கையெழுத்து. 'ஏற்றது' கட்டத்தைக் காட்டிப் பேனாவை அம்மாவிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. பெடலை மறுபடி மெதுவாக மிதித்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"கீழ டக்கு டக்குனு ஒரு சத்தம் வருதே, அது என்ன?"

பெடலையும் பெரிய சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் மேல்மூட்டு. தேய்ந்திருக்கிறது. எனக்கு முந்தின வாரமே தெரியும். ஓடுகிறதே என்று விட்டிருந்தேன்.

"அதுனால ஒண்ணும் ஆகாதும்மா."

"அப்பா இருந்தா இதுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுவாரா?" என்று எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு மறுபடி பொள்ளாச்சி போகவேண்டும்.